இரண்டு சேனலுக்கும் ஒரே குமிழ்

லோகன் காலால் அந்தப் பெட்டியை மிதித்த மறுநொடி நான் இல்லாமல் போனேன்.

கையில் பேஸ் கித்தார் இருக்கிறது. விரல்கள் சரியான இடத்தில்தான் விழுகின்றன. பின்னால் என் ஸ்பீக்கர் அதிர்வது முதுகில் தெரிகிறது. ஆனால் அறைக்குள் கேட்பதெல்லாம் என் கணவர் லோகனின் கித்தார் மட்டும்தான். அதுவும் கித்தாராகக் கேட்டாலாவது பரவாயில்லை. சிமெண்டு கலக்கும் லோரி ஒன்று மாடியேறி வந்து நடு அறையில் நின்றுகொண்ட மாதிரி ஓர் உறுமல். பல்லவி முடிந்து அவர் மறுபடி மிதித்ததும் அறை தெளிந்தது, நானும் திரும்ப வந்தேன். அடுத்த இடையிசையில் இன்னொரு மிதி. போனேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் பௌர்ணமி இசைக்குழுவின் பயிற்சி அறை இருக்கிறது. ஏர்கோன் பாதி நாள் வேலை செய்யாது. ஸ்ரீ கெம்பாங்கானில் கதவுக் கைப்பிடி செய்யும் ஆலையின் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைபேசியில் கத்திவிட்டு, ஜாமில் ஊர்ந்து, பார்க்கிங் தேடி, படியேறி வந்து நிற்கிறேன். இத்தனையும் எதற்கு? யாருக்கும் கேட்காத ஒன்றை வாசிப்பதற்கு. எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

கித்தார் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கித்தாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ப்ரீஆம்ப் என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. கித்தாரின் குரலைத் தீர்மானிப்பது அதுதான். லோகனுடையதில் இரண்டு சேனல்கள். கிளீன் என்றால் தந்தியின் சத்தம் உள்ளது உள்ளபடி வரும். டிரைவ் என்றால் அதே சத்தம் கரகரப்பாக, காரமேறி வரும். காலால் மிதித்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து அடிச்சத்தத்துக்கு, அதாவது பேஸுக்கு, ஒரே ஒரு குமிழ். கிளீனுக்கு அடி கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சவசவ என்று இருக்கும். அதே அளவு டிரைவில் போனால் எல்லாம் குழைந்து கஞ்சியாகி, பேஸ் வாசிக்கிறவளின் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். லோகனுக்குத் தெரியாததில்லை. பெட்டியில் பேட்டரி தீரப் போவதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் ஆள் அவர். அப்படிப்பட்டவர் இந்த ஒரு வருடமாக அந்தக் குமிழை வலப்பக்கம் வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே போகிறார். 'கிளீன்ல அடியே இல்லை' என்று புலம்பி, ப்ரீஆம்பை வேறு இரண்டு முறை மாற்றிவிட்டார். மண்டபத்தில் சவுண்டுக்காரர் எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. மேடையில் லோகனின் ஸ்பீக்கர் ஒன்றே போதும் என்னை முழுங்க.

"அங்க பாருங்க, லோகன் அண்ணே அக்காவ விட்டுக் கண்ணையே எடுக்கல. கல்யாணமாகி எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் அதே ரொமான்ஸ் லா!" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் ரஞ்சன். எல்லாரும் சிரித்தார்கள். உண்மைதான், லோகன் இப்போதெல்லாம் வாசிக்கும்போது என்னையேதான் பார்க்கிறார். பொய் சொல்வானேன், அந்தக் கேலி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

பயிற்சி முடிந்ததும் திருச்செல்வம் அண்ணன் என்னை மட்டும் கீழே டீ குடிக்கக் கூப்பிட்டார். குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அவர் டீக்குக் கூப்பிட்டாலே வில்லங்கம் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

"புனிதா, கிள்ளான்ல வாசிக்கப் போற அறுபதாம் கல்யாணம் முடியட்டும்," என்றார். "அதுக்கப்புறம் பேஸ நானே கீபோர்டுல லெஃப்ட் ஹேண்டால பாத்துக்கலாம்னு திங்க் பண்றேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அப்ப நான் எங்க நிக்கிறது?"

"நீ ரெஸ்ட் எடு. வேலை, வீடு, பிராக்டிஸ்னு நீயும் எவ்வளவுதான் அலைவே? பாத்தாலே பாவமா இருக்கு."

"நான் ரெஸ்ட் கேக்கலயேண்ணே. தப்பா வாசிக்கிறேனா?"

"சேச்சே. உன் வாசிப்புல ஒரு குறையும் இல்ல. ஆனா கேக்கலயேம்மா. முன்னால உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கலன்னா வாசிச்சு என்ன பண்றது?"

"ஏன் கேக்கலன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் தன் பாலில்லாத தே ஓவைக் கலக்கினார். அதில் கலக்குவதற்கு ஒன்றுமில்லை, அவருக்குச் சீனி ஆகாது. "லோகன் எவ்வளவு பெரிய பிளேயர். அவர்கிட்டப் போயி உங்க டோன் சரியில்லன்னு எப்படிச் சொல்றது? மனசு ஒடஞ்சிடும்."

"என் மனசு மட்டும் என்ன, ரப்பரா?"

"நீ புரிஞ்சுக்குவே. நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி."

நம்ம வீட்டுப் பிள்ளை என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். விட்டுக்கொடுக்கப் போவது நீதான் என்று பொருள். எங்கள் குழுவில் ஒருவரின் வாசிப்பில் குறை இருந்தால் அதை அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்வார்கள். மரியாதையாம். அந்த மரியாதை முற்றிப் போய், குமிழைத் திருகச் சொல்ல வாய் வராமல் ஓர் ஆளையே தூக்கிவிடலாம் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. இதில் கூத்து என்னவென்றால், இந்தக் குழுவில் நான் லோகனுக்கு முன்பே சேர்ந்தவள். அவர்தான் எனக்குப் பின்னால் வந்தார். ஆனாலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஓர் ஆன்டி வந்து, "புருஷன் கத்துக்குடுத்தாரா?" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார்.

வீட்டுக்குக் காரை நான்தான் ஓட்டினேன். சில மாதங்களாக முதுகு வலி என்று சாவியை என்னிடம் கொடுத்துவிடுகிறார். திருச்செல்வம் அண்ணன் சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் பாவப்பட்டுக் குமிழைக் குறைப்பார். பிச்சை போடுவது மாதிரிக் கிடைக்கும் இடம் எனக்கு வேண்டாம். அதனால் குமிழைப் பற்றி மட்டும் பேசினேன். பேசினேன் என்பதைவிட, எரிந்து விழுந்தேன் என்பது சரி.

"அந்த பேஸ் நாப்ப கொஞ்சம் கொறச்சா என்ன கொறஞ்சிடும் உங்களுக்கு?"

"கொறச்சா கிளீன் செத்துப் போவுது புனி."

"டிரைவ்ல நான் செத்துப் போறேனே, அது தெரியலயா?"

"இந்தப் பெட்டியே சரியில்ல. இதுல அடியே வர மாட்டேங்குது. வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"அடி வரலயா? அறையே இடிஞ்சு விழுந்திடும் போல இருக்கு. வரலங்கிறீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு போடாதே, பிரஷர் என்று அதற்கும் சில மாதங்களாக ஒரு சட்டம் இருந்தது. உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன். இந்த மனிதரோடு வாழ்வதும் வாசிப்பதும் ஒன்றாகிப் போனதுதான் நான் செய்த முட்டாள்தனம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப் போனேன்.

சனிக்கிழமை காலை, கிள்ளான் விருந்துக்கு முந்தின நாள், புதுப் பெட்டி வந்து சேர்ந்தது. இதிலும் இரண்டு சேனல்கள், ஒரே பேஸ் குமிழ். அவர் விரும்பும் கரகரப்பு அந்த வகைப் பெட்டியில்தான் வருமாம். காப்பி எடுத்துக்கொண்டு போனேன். லோகன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கிளீனில் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். பெட்டி பக்கத்து மேசையில் இருந்தது. பேஸ் குமிழ் வலது கோடியில் இருந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பியை வைத்துவிட்டு, குமிழைப் பிடித்து இடது கோடிக்கு ஒரே திருகாகத் திருகினேன். சண்டைக்குத்தான். கத்தட்டும், நானும் கத்தலாம், மனத்தில் இருப்பதெல்லாம் வெளியே வரட்டும் என்றுதான்.

கித்தாரின் வயிறு முழுவதும் காலியாகி, வெறும் கம்பிச் சத்தம் வந்தது. கிட்டத்தட்டப் பொம்மைக் கித்தார். லோகன் கண்ணைத் திறக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அதே சுகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னிடம் தோற்கக் கூடாது என்று பிடிவாதம். சரி என்று பக்கத்தில் இருந்த, மேல்சத்தத்துக்கான ட்ரெபிள் குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினேன்.

"ஏய், ட்ரெபிள்ல கை வைக்காதே," என்றார் உடனே, கண்ணை மூடிக்கொண்டே.

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு மயிரிழை ட்ரெபிள் கேட்கிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போன பேஸ் கேட்கவில்லை.

"இருங்க, நானும் வாசிக்கிறேன். ஒண்ணா வச்சுப் பாக்கலாம்," என்று சொல்லி என் பேஸை எடுத்து, கேபிளைச் சொருகி, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் விரல் நுனியின் சதையால் மெதுவாக மீட்டினேன். கீழ்ச்சுருதி எழுந்து அறையை நிறைத்தது. மறுபடி மீட்டினேன். மறுபடியும்.

லோகன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "என்ன, கேபிள் மாட்டிட்டியா? ஆரம்பி," என்றார்.

நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கித்தாரோடு அவர் முன்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். என் விரல் தந்தியில் இருப்பதையும் என் முகத்தையும் அவர் பார்த்தார். மறைக்க முயன்ற மனிதர் பிடிபட்டதும் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

"எத்தன நாளா?" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னயே. மொதல்ல பெட்டிதான் கோளாறுன்னு நெனச்சேன். சத்தியமா. அப்புறம்தான் ஒரு நாள் மழையில மின்னல் மட்டும் வந்துச்சு, இடியக் காணோம்."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனேன். ரெண்டு பக்கமும் உள்காதுல கோளாறாம். மேல இருக்கிறதெல்லாம் கேக்குது புனி. நீ பேசுறது, தட்டு வைக்கிறது, கொசுகூடக் கேக்குது. கீழ இருக்கிறதுதான் போயிடுச்சு. தல சுத்துறதும் அதாலதானாம். உப்பக் கொறைக்கச் சொன்னாரு. சில பேருக்குத் திரும்ப வருமாம், சில பேருக்கு வராதாம்."

முதுகு வலி, பிரஷர், உப்பில்லாத ரசம், காரின் சாவி. எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. பக்கத்தில் படுத்துக்கொண்டு இத்தனை மாதமாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

"என் சத்தமே கேக்கலயா?"

"விரல் தந்தியில படுறது டிக்கு டிக்குன்னு கேக்கும். மத்தது இல்ல."

"அப்ப மேடையில எப்படி என்கூடச் சேந்து வாசிக்கிறீங்க?"

"உன் கையப் பாத்துத்தான்."

என்னை விட்டுக் கண்ணெடுக்காத ரகசியம் அதுதான். ரஞ்சன் கேலி செய்தபோது எனக்குள் ஒரு குளுமை இருந்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அழுதேன். அவர் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்புறம்தான் திருச்செல்வம் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். லோகன் முகம் வெளுத்துவிட்டது. தன் சத்தம் என்னை அடைத்துக்கொண்டிருப்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. யாருமே அவரிடம் சொல்லவில்லை. நான் சொன்னதைச் சண்டை என்று எடுத்துக்கொண்டாராம். அதிலும் தப்பில்லை. நான் சண்டை போடும் குரலில்தான் சொன்னேன்.

"நான் நின்னுக்கிறேன்," என்றார். "நாளைக்கே சொல்லிடறேன். காது போன ஆளு எதுக்கு மேடையில? நீ வாசி."

"பெரிய தியாகி. கண்ணத் தொடைங்க மொதல்ல. காதுல பாதிதானே போயிருக்கு, கையி எங்க போச்சு? உங்களுக்கு அடி தெரியாது, எனக்குத் தெரியும். நாப்ப இனி நான் வைக்கிறேன்."

"நீ வைக்கிற எடம் எனக்குத் தகரத்தச் சொரண்டுற மாதிரிதான் கேக்கும்."

"கேக்கட்டும்."

அன்று மத்தியானம் வரை உட்கார்ந்தோம். முதலில் டிரைவ். அவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க, நான் பேஸ் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கஞ்சி வடிந்து, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. கரகரப்பு அப்படியே இருந்தது, அதற்குக் கீழே எனக்கு இடமும் இருந்தது. அங்கே நிறுத்தினேன். இப்போது கிளீனுக்கு மாற்றினால் ஒல்லியாக இருந்தது. அதற்காகக் குமிழைத் தொட்டால் டிரைவ் கெட்டுவிடும். கிளீன் வரும் இடங்களில் தந்தி மீட்டும் பிக்கை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, கித்தாரின் கழுத்துப் பக்கமாகக் கட்டைவிரலால் வாசிக்கச் சொன்னேன். சத்தம் தானாகவே பருத்து உருண்டு வந்தது. இரண்டு சேனலும் ஓர் அளவுக்கு ஒத்துப்போயின.

"இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

"எனக்கு ஒண்ணுமே இல்ல புனி. வெறும் ஓடு மாதிரி இருக்கு." அவர் குரலில் புகார் இல்லை, களைப்புதான் இருந்தது. "சரி, நீ சொன்னாச் சரி."

குமிழ் நகராமல் இருக்க அதன்மேல் டேப்பை ஒட்டினேன்.

மறுநாள் கிள்ளான் மண்டபத்தில் மதிய விருந்து. அறுபது முடிந்தவரும் அவர் மனைவியும் மாலையோடு உட்கார்ந்திருக்க, பேரப்பிள்ளைகள் மேடையில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். திருச்செல்வம் அண்ணன் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது, அவர் இடது கையால் பேஸ் வாசித்துப் பார்க்கிறார். என்னை அனுப்புவதற்கு ஒத்திகை. நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. என் வேலையை நான் பார்த்தேன்.

முதல் சில பாட்டுகள் எல்லாம் மெல்லிசை, கிளீன்தான். லோகன் கட்டைவிரலால் வாசித்தார். முகத்தில் ஓர் உயிரும் இல்லை. பிடிக்காத சாப்பாட்டை விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடுகிற மனிதரின் முகம். ஆனால் கண் என் கையில் இருந்தது, தாளம் ஓர் அணுவும் பிசகவில்லை.

பிறகு ஆட்டப் பாட்டு வந்தது. பிள்ளைகள் முன்னால் ஓடி வந்தார்கள். இதில் இடையிசை முழுக்க டிரைவ், லோகன் தனியாக வாசிக்கும் இடம் வேறு. பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்பு அவர் திடீரென்று குனிந்தார். கை குமிழுக்குப் போனது. டேப்பின் ஓரத்தை நகம் கிளப்பியது.

எனக்குத் தெரியும், அவருக்கு என்ன ஆயிற்று என்று. இத்தனை பேர் முன்னால், தன் காதுக்கு வெறும் தகரமாகக் கேட்கும் ஒன்றை, தன் வாசிப்பு இதுதான் என்று எடுத்து வைக்க வேண்டும். முப்பது வருடம் தன் காதை மட்டுமே நம்பிய மனிதர். காலுக்குக் கீழே தரையில்லாமல் நிற்கச் சொல்வது மாதிரிதான். அவர் அந்தக் குமிழைத் திருகினால் எனக்கு இன்றோடு சரி. இரண்டு எட்டு வைத்தால் நான் கையைப் பிடித்துத் தடுத்துவிடலாம். ஆனால் போகவில்லை. பிடித்துத் தடுத்துக் கிடைப்பது எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

லோகன் குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கையை இல்லை, முகத்தை. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டவில்லை. 'நல்லா இருக்கு' என்று மட்டும் வாயசைத்தேன். அவர் கிளப்பிய டேப்பைக் கட்டைவிரலால் மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு எழுந்தார். ரஞ்சன் எண்ணத் தொடங்கினான்.

டிரைவ் வந்தபோது நான் காணாமல் போகவில்லை.

லோகனின் கித்தார் மேலே கரகரவென்று கூர்மையாகப் போனது. அதற்குக் கீழே, அகலமாக, எல்லாரையும் தாங்கிக்கொண்டு நான் இருந்தேன். என் சத்தம் மண்டபத்தின் பின்சுவரைத் தொட்டுத் திரும்புவதை நானே கேட்டேன். முன்வரிசையில் ஓர் அங்கிள் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலால் தாளம் போட்டார். ரஞ்சன் ஆச்சரியமாக என் பக்கம் திரும்பி, என் விரலோடு சேர்த்துக் கால் டிரம்மை உதைக்க ஆரம்பித்தான். லோகனின் தனி வாசிப்பு வந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, வழக்கமான இடத்தை விட்டுவிட்டு மேலே ஏறி, புதிதாக ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கினேன். சந்தோஷத்தில் வாசித்தது. திருச்செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார். இடது கையைக் கீபோர்டிலிருந்து மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விருந்து முடியும்வரை அந்தக் கை திரும்ப வரவில்லை.

சாமான்களை வேனில் ஏற்றும்போது அவர் நேராக லோகனிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "லோகன், புதுப் பெட்டியா? வாட் எ சவுண்ட்! டிரைவ்ல அப்படி ஒரு கிளாரிட்டி. உங்க காது காதுதான்!"

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"நாப் வச்சது புனிதா," என்றார் லோகன். "இனிமே எங்க வாசிச்சாலும் அவதான் வைப்பா. எனக்குக் கீழ் சத்தம் கேக்கிறதில்ல திரு. கொஞ்ச நாளாவே."

பாவம் திருச்செல்வம் அண்ணன், இப்படி நேருக்கு நேர் பேசி அவருக்குப் பழக்கமில்லை. லோகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸாரிம்மா," என்றார் கடைசியில். "பேஸ் நீயே வாசி. அந்தப் பேச்ச விட்டுடு."

அவ்வளவுதான். நான் இருக்கிறேன் என்று ஆகிவிட்டது. கேபிள்களை வேனில் போட்டுவிட்டு, எங்கள் காருக்கு நடந்தேன்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை முழுக்க ஜாம். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை நோகிறது, முதுகு நோகிறது. லோகன் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு மண்டபம் முழுக்க என்னைக் கேட்டது. தோசை சுட்டுக்கொண்டிருந்த சமையல்காரர்கூட எட்டிப் பார்த்தார். கேட்காத ஒரே ஆள் இவர்தான். சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிட்டது.

"புனி," என்றார் கண்ணைத் திறக்காமல். "என் சோலோவுல நடுவுல ஒரு எடத்துல உன் விரல் மேல ஏறிச்சே. எப்பவும் அங்க போக மாட்டியே. என்ன வாசிச்சே?"

"சும்மா. ஒரு சுத்து."

"எப்படி இருந்துச்சு?"

எப்படிச் சொல்வது? நல்லா இருந்துச்சு என்று சொன்னால் அது ஒரு சொல். அவர் கேட்டது அதையல்ல. எனக்குப் பாட வராது. வந்திருந்தால் மைக்கைப் பிடித்திருப்பேன், பேஸை ஏன் தூக்கப் போகிறேன்? வாகனங்கள் நின்றுவிட்டன. ஜன்னலை ஏற்றிவிட்டு, நான் வாசித்ததை அப்படியே மேல்சுருதியில், என் கீச்சுக் குரலில், தம் தம் என்று பாடிக் காட்டினேன். மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. சுற்றி இறங்கும் இடத்தில் மூச்சு வாங்கியது. முடித்துவிட்டு வெட்கத்தோடு அவர் பக்கம் திரும்பினேன்.

லோகன் கண்ணைத் திறந்து நேராக உட்கார்ந்திருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் வாசித்ததைக் கேட்கிறார். கன்னத்தில் ஈரம் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை.

"இன்னொரு தடவ," என்றார்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. கொஞ்சம் முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு, மறுபடி பாடினேன்.